கட்டுமிதவைப் படகுகளின் திருட்டுத் தடுப்பு

கட்டுமிதவைப் படகுகளின் திருட்டுத் தடுப்பு என்பது, பாய்மரப் படகுக் கழகங்களின் நீர்ப்பரப்பில் ஆளின்றி நிறுத்தி வைக்கப்படும் படகுகளையும், அவற்றின் இயந்திரங்கள், துணைப்படகுகள், கருவிகள் ஆகியவற்றையும் களவு போகாமல் காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். பூட்டு, சங்கிலி, அடையாளமிடல், மின்னணு எச்சரிக்கைக் கருவிகள், உறுப்பினர்களின் கூட்டுக் கண்காணிப்பு ஆகியன இதனுள் அடங்கும்.

வீட்டையோ வாகனத்தையோ பூட்டுவது போலப் படகைப் பூட்டிவிட முடியாது. புயலிலோ தீ விபத்திலோ, உரிமையாளர் அல்லாத ஒருவரும் படகை விரைவாக அவிழ்த்து நகர்த்தக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது கடலோடிகளின் பொது நெறி. திருடனைத் தடுக்கும் பூட்டு, உதவிக்கு வருபவரையும் தடுக்கும். இந்த முரண்பாட்டிற்குத் தீர்வு காண்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும். இக்கட்டுரை பெரும்பாலும் பிரித்தானியப் படகுக் கழகங்களின் நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது.

## சிக்கலின் தன்மை

பிரித்தானியாவின் பாய்மரப் படகுக் கழகங்களுள் பெரும்பாலானவை உறுப்பினர்களின் தன்னார்வ உழைப்பால் நடப்பவை. இரவுக் காவலரை ஊதியம் கொடுத்து அமர்த்தும் வசதி சிறிய கழகங்களுக்கு இருப்பதில்லை. படகின் உரிமையாளர் பல மைல் தொலைவில் வசிப்பவராக இருக்கலாம். வார இறுதியில் மட்டுமே அவர் படகிற்கு வருவார். எனவே ஞாயிறு இரவு நிகழ்ந்த களவு அடுத்த சனிக்கிழமையே தெரியவருவதும் உண்டு. அதற்குள் பொருள் கைமாறிவிடும்.

நிறுத்தப்பட்ட படகுகள் எளிய இலக்காக அமைவதற்குப் பின்வருவன முக்கிய காரணங்கள் ஆகும்.

* கட்டுமிதவைகள் கரையிலிருந்து தள்ளி இருப்பதால், இரவில் அங்கு நடப்பது கரையில் உள்ளோர் கண்ணில் படுவதில்லை.
* கடலும் ஆற்று முகத்துவாரமும் பொதுவழி. அங்கு ஒரு சிறுபடகு செல்வதைக் கண்டு எவரும் ஐயுறுவதில்லை.
* சிறிய வெளிப்பொருத்து இயந்திரங்கள் எந்தப் படகிலும் பொருந்தும். ஆகவே அவற்றிற்கு எங்கும் சந்தை உண்டு.
* பிரித்தானியாவில் கடலில் ஓடும் உல்லாசப் படகுகளுக்குக் கட்டாயப் பதிவு இல்லை. மோட்டார் வாகனத்திற்கு உள்ளது போல, ஒரு படகு யாருடையது என உடனே அறிய உதவும் முழுமையான பட்டியல் கிடையாது.

## வரலாறு

நிறுத்தி வைக்கப்பட்ட கலங்களிலிருந்து களவாடுவது பழமையான தொழில். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரின் தேம்சு ஆற்றில் நூற்றுக்கணக்கான வணிகக் கப்பல்கள் சரக்கு இறக்குவதற்காக நாள்கணக்கில் காத்திருந்தன. அவற்றிலிருந்து சர்க்கரை, ரம், காப்பி முதலியன தொடர்ந்து களவு போயின. பாட்ரிக் கொல்குகூன் என்ற நீதிபதி இத்திருடர்களை வகைப்படுத்தி எழுதினார். இரவில் கப்பலின் அலுவலர்களோடு கூட்டுச் சேர்ந்து திருடுவோர், பகலில் சுமைதூக்கும் தொழிலாளராக வந்து ஆடைக்குள் மறைத்துச் செல்வோர், வற்றுநீரின் போது சேற்றில் நின்று கப்பலிலிருந்து வீசப்படும் பொருளை எடுப்போர் எனப் பல பிரிவினர் இருந்தனர்.

இக்களவைத் தடுக்க, கொல்குகூனும் ஜோன் ஹாரியட் என்பவரும் மேற்கிந்தியத் தீவு வணிகர்களின் பண உதவியுடன் 1798 ஆம் ஆண்டு சூலை 2 அன்று வாப்பிங் என்னும் இடத்தில் தேம்சு ஆற்றுக் காவல்படையைத் தொடங்கினர். முதலாண்டில் 4,200 பவுண்டு செலவில் ஏறத்தாழ 1,22,000 பவுண்டு பெறுமதியான சரக்கு காக்கப்பட்டதாகக் கணக்குக் கூறப்பட்டது. 1800 ஆம் ஆண்டில் இப்படை சட்டத்தின் மூலம் அரசின் பொறுப்பில் வந்தது. 1839 இல் இலண்டன் பெருநகரக் காவல்துறையுடன் இணைக்கப்பட்டது. அதன் நீர்வழிப் பிரிவு இன்றும் வாப்பிங்கில் இயங்குகிறது.

இதே காலத்தில் இரண்டாவது தீர்வும் முயலப்பட்டது. 1802 இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறை உயர்ந்த மதிலால் சூழப்பட்டிருந்தது. கப்பல்களை ஆற்றில் நிறுத்தாமல் மதிலுக்குள் கொண்டுவந்து சரக்கு இறக்கினர். ரோந்து, மதில் என்னும் இவ்விரு வழிகளையும் இன்றைய படகுக் கழகங்களிலும் காணலாம். கட்டுமிதவைகளை உறுப்பினர் சுற்றிப்பார்த்து வருவது முதலாவதன் தொடர்ச்சி. வாயிற்கதவும் வேலியும் கொண்ட மரீனா எனப்படும் உல்லாசப் படகுத்துறை இரண்டாவதன் தொடர்ச்சி.

## நிறுத்தும் முறைகளும் இடர்களும்

படகு எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே இடரும் அமைகிறது.

சுழல் கட்டுமிதவை: நீரடியில் கனத்த பாரம் அல்லது நங்கூரம் இடப்பட்டு, அதிலிருந்து சங்கிலி மேலெழுந்து ஒரு மிதவையில் முடியும். மிதவையிலிருந்து வரும் கயிறு அல்லது சங்கிலி படகின் அணியத்தில் (முன்பகுதியில்) கட்டப்படும். காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் ஏற்பப் படகு மிதவையைச் சுற்றித் திரும்பும். மூரிங் எனப் பொதுவாக அழைக்கப்படுவது இதுவே. இங்கு வர இன்னொரு படகு தேவை என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் அவ்வாறு வந்தவரை எவரும் காண்பதில்லை என்பது குறை.

கம்பங்களுக்கிடையே கட்டுதல்: ஆற்றில் நடப்பட்ட இரு கம்பங்களுக்கிடையே படகு முன்னும் பின்னும் கட்டப்படும். படகுகள் நெருக்கமாக இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவலாம்.

மிதக்கும் மேடை: கரையிலிருந்து நடந்தே படகிற்குச் செல்லலாம். வாயிலில் பூட்டு இருக்கும். ஆனால் அதன் இலக்கக் குறி காலப்போக்கில் பலருக்கும் தெரிந்துவிடுகிறது.

கரை நிறுத்தம்: ஆப்டிமிஸ்ட், லேசர் போன்ற சிறிய போட்டிப் படகுகள் கரையில் இழுவண்டிகள் மீது வைக்கப்படுகின்றன. இங்கு படகைவிட அதன் சுக்கான், நடுப்பலகை, பாய் ஆகியனவே களவுபோகின்றன. இவற்றை வீட்டிற்கு எடுத்துச் செல்வதே எளிய தடுப்பு முறை.

## களவுபோகும் பொருட்கள்

முழுப் படகும் களவுபோவது ஒப்பீட்டளவில் அரிது. பெரிய பாய்மரப் படகு மெதுவாகச் செல்வது, தனித்த தோற்றம் கொண்டது, மறைத்து வைப்பதற்குக் கடினமானது. பொதுவாகக் களவுபோவன வருமாறு.

* வெளிப்பொருத்து இயந்திரங்கள் (அவுட்போர்டு)
* காற்றடைத்த துணைப்படகுகள்
* மின்னணுக் கடல்வரைபடக் காட்டிகள், வானொலிக் கருவிகள்
* மின்கலங்கள், எரிபொருள்
* உயிர்காப்பு மிதவைகள், அபாய ஒளிக்குறிகள்
* படகு இழுவண்டிகள்

இவற்றுள் இறுதிக்கு முந்தைய வகை தனிக்கவனத்திற்கு உரியது. உறையில் மடித்து வைக்கப்பட்ட உயிர்காப்பு மிதவையோ பெட்டிக்குள் உள்ள ஒளிக்குறிகளோ களவுபோனதை, தேவைப்படும் நேரம் வரை உரிமையாளர் அறியாமலிருக்கலாம். அவ்வாறே, கரைக்கும் படகிற்கும் இடையே சென்றுவரும் துணைப்படகு இரவில் களவுபோனால், படகில் உறங்கியவர் கரைசேர வழியின்றி நிற்பார். நீந்திக் கரையேற முயல்வது குளிர்நீரில் உயிருக்கு ஆபத்தானது. எனவே படகுக் களவு பண இழப்போடு முடிவதில்லை.

## பூட்டும் கடற்பாதுகாப்பும்

### கட்டுமிதவையின் தொடுப்பு

கயிற்றால் மட்டும் கட்டப்பட்ட படகை ஒரு கத்தியால் சில நொடிகளில் விடுவிக்கலாம். சங்கிலி இதனைச் சற்றுக் கடினமாக்கும். ஆயினும் கடலில் சங்கிலி தெரிவதில் ஒரு சிக்கல் உண்டு. திருட்டுத் தடுப்பிற்காகக் கடினப்படுத்தப்பட்ட எஃகுச் சங்கிலி உப்புநீரில் விரைவில் துருப்பிடிக்கும். துருவைத் தாங்கும் துத்தநாகப் பூச்சுள்ள சாதாரணச் சங்கிலி மென்மையானது. போல்ட் கட்டர் எனப்படும் நீண்ட பிடியுள்ள வெட்டுங்கருவியால் அதனை வெட்டிவிடலாம். துருப்பிடிக்காத எஃகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, விலை கூடியது. மின்கலத்தில் இயங்கும் கையடக்க வெட்டுச்சக்கரக் கருவிகள் மலிவான பின்னர், எந்தச் சங்கிலியும் வெட்டப்பட முடியாதது என்று சொல்வதற்கில்லை. பூட்டின் பயன் திருடனின் நேரத்தைக் கூட்டுவதும் ஒலியெழுப்ப வைப்பதுமே.

தொங்குபூட்டு இடுவதாயின், பித்தளை அல்லது வெண்கல உடல் கொண்டதும், மூடியால் சாவித்துளை மறைக்கப்பட்டதுமான பூட்டே உப்புநீரைத் தாங்கும். மாதம் ஒருமுறை எண்ணெயிடாத பூட்டு, உரிமையாளருக்கே திறக்காது போகும்.

### அவசரத்தில் விடுவித்தல்

அருகிலுள்ள படகு தீப்பற்றினாலோ, புயலில் கட்டுமிதவை இழுபட்டாலோ, மற்ற படகுகளை உடனே நகர்த்த வேண்டும். பூட்டிய சங்கிலி அப்போது பேராபத்து ஆகலாம். இதற்குக் கழகங்கள் பின்வரும் ஏற்பாடுகளைக் கையாளுகின்றன.

* படகின் மாற்றுச் சாவி கழக அலுவலகத்தில் பூட்டிய பெட்டியில் வைக்கப்படும். சாவியில் படகின் பெயர் எழுதப்படுவதில்லை. ஓர் எண் மட்டும் இடப்பட்டு, எண்ணுக்குரிய பட்டியல் வேறிடத்தில் வைக்கப்படும். பெட்டி உடைக்கப்பட்டாலும் எந்தச் சாவி எந்தப் படகிற்கு என்பது திருடனுக்குத் தெரியாது.
* மீட்புப் படகில் ஒரு வெட்டுங்கருவி எப்போதும் இருக்கும்.
* படகின் தொடுப்பைப் பூட்டுவதைத் தவிர்த்து, இயந்திரத்தையும் உள்ளறையையும் மட்டும் பூட்டுவது பலருடைய தெரிவு.

உள்ளறையின் வெளிப்பூட்டு தொடர்பாகவும் ஒரு விதி உண்டு. படகில் ஆள் இருக்கும்போது பூட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். தாழ்ப்பாளில் தொங்கும் பூட்டு தவறுதலாக மூடிக்கொண்டால், உள்ளிருப்பவர் தீ விபத்தின்போது சிக்கிக்கொள்வார். அதே காரணத்தால், உயிர்காப்பு மிதவையைப் பூட்டி வைப்போர் புறப்படுமுன் அப்பூட்டை நீக்குதல் கட்டாயம். பூட்டிய உயிர்காப்பு மிதவை, மூழ்கும் படகுடன் சேர்ந்தே மூழ்கும்.

### வெளிப்பொருத்து இயந்திரம்

சிறிய வெளிப்பொருத்து இயந்திரம் படகின் பின்பலகையில் இரு திருகுப் பிடிகளால் இறுக்கப்படுகிறது. கருவி எதுவுமின்றிக் கையால் கழற்றும்படியே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. 6 குதிரைவலு கொண்ட நான்கடிப்பு இயந்திரம் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையுள்ளது. ஒருவரே தூக்கிச் செல்லலாம்.

இரு திருகுப் பிடிகளையும் ஒருசேர மூடி, அவை சுழலாதபடி செய்யும் குழாய் வடிவப் பூட்டு பரவலாகப் பயன்படுகிறது. பெரிய இயந்திரங்கள் பின்பலகையில் துளையிட்டு மரையாணிகளால் பிணைக்கப்படுகின்றன. அவற்றிற்குத் தனிச்சாவியால் மட்டுமே திறக்கக்கூடிய மரைகள் உண்டு. பூட்டு எவ்வளவு வலிமையானதாயினும் பின்பலகை மரம் உளுத்திருந்தால் பயனில்லை. பலகையையே அறுத்து இயந்திரத்தை எடுத்துச் செல்வதும் நிகழ்கிறது.

இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை எடுத்துச் செல்வதைச் சிலர் திருட்டுத் தடுப்பாகக் கருதுகின்றனர். இது சரியன்று. அக்கயிறு ஓட்டுநர் நீரில் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்கானது. அதன் மாற்றுப்பகுதி எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பயன்படுத்தாத நாட்களில் இயந்திரத்தைக் கழற்றி வீட்டிற்கு எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது. கழகத்தின் கொட்டகையில் எல்லா இயந்திரங்களையும் சேர்த்து வைப்பது வசதியானதே. ஆயினும் ஒரே இரவில் அனைத்தும் களவுபோகும் வாய்ப்பும் அதனால் உண்டாகிறது. குளிர்காலத்தில் படகுகள் கரையேற்றப்பட்டு, கழகத்தில் நடமாட்டம் குறையும் மாதங்களில் இவ்விடர் மிகும்.

### துணைப்படகு

துணைப்படகின் துடுப்புகளையும் துடுப்புத் தாங்கிகளையும் எடுத்துச் செல்வது பழைய வழக்கம். கரையில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட வளையத்தில் கம்பிவடத்தால் பிணைப்பதும் உண்டு. வடம் படகின் உறுதியான பகுதி வழியாகச் செல்ல வேண்டும். காற்றடைத்த படகின் கைப்பிடி வழியாகச் செல்லும் வடத்தால் பயனில்லை. கைப்பிடியை வெட்டுவது எளிது.

துணைப்படகின் மேல் தாய்ப்படகின் பெயரை எழுதுவது வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தில் ஒரு குறை உள்ளது. பெயரிட்ட துணைப்படகு கரையில் இருந்தால், அப்பெயருடைய படகில் ஆளில்லை என்பதை அது எல்லோருக்கும் அறிவித்துவிடும். எனவே பெயருக்குப் பதிலாகக் கழக உறுப்பினர் எண்ணையோ அஞ்சல் குறியீட்டையோ எழுதுவது விரும்பத்தக்கது.

## அடையாளமிடல்

பூட்டு திருட்டைத் தாமதப்படுத்துகிறது. அடையாளமோ திருடிய பொருளை விற்க முடியாதபடி செய்கிறது. மீட்கப்பட்ட பொருள் யாருடையது என நிறுவ முடியாவிட்டால், காவல்துறையால் அதனை உரியவரிடம் சேர்க்கவும் இயலாது. ஆகவே செலவு குறைந்ததாயினும் இதன் பயன் பெரிது.

### படகு அடையாள எண்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1972 ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் தயாரிக்கப்படும் படகுகள் 12 எழுத்து/இலக்கங்கள் கொண்ட அடையாள எண்ணைத் தாங்கியிருத்தல் வேண்டும். இவ்வெண் பின்பலகையின் வலப்புற மேற்பகுதியில் பொறிக்கப்படும். 1984 முதல், அதே எண் இரண்டாம் முறையாக மறைவான ஓரிடத்திலும் பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. வெளியே தெரியும் எண் அழிக்கப்பட்டாலும் மறைவான எண்ணைக் கொண்டு படகை இனங்காணலாம்.

ஐரோப்பாவில் 94/25 எண்ணுடைய உல்லாசப் படகு ஆணை இதனை ஒத்த எண்ணை அறிமுகப்படுத்தியது. 1998 ஆம் ஆண்டு சூன் 16 முதல் இது கட்டாயமானது. 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள படகுகளுக்கு இது பொருந்தும். அதன் 14 இடங்கள் வருமாறு.

* முதல் 2 இடங்கள்: நாட்டுக் குறி
* அடுத்த 3: தயாரிப்பாளர் குறி
* அடுத்த 5: தொடரெண்
* அடுத்த 1: தயாரித்த மாதம்
* அடுத்த 1: தயாரித்த ஆண்டின் இறுதி இலக்கம்
* கடைசி 2: மாதிரி ஆண்டு

பிரித்தானியக் கழகங்களில் உள்ள கண்ணாடியிழைப் படகுகள் பல 1960கள் முதல் 1980கள் வரை கட்டப்பட்டவை. அவற்றில் இவ்வெண் இராது. அவற்றின் உரிமையாளர்கள் தாமே ஏதேனும் ஒரு குறியைப் பொறித்து, ஒளிப்படம் எடுத்து வைத்தல் நன்று.

### பதிவேடு

பிரித்தானியாவில் 1983 இல் தொடங்கப்பட்ட சிறுகலப் பதிவேட்டில் 24 மீட்டருக்குக் குறைந்த படகுகளைப் பதியலாம். பதிவெண் படகின் வெளிப்புறத்தில் எழுதப்படும். ஆனால் இப்பதிவு உரிமைக்கான சான்று ஆகாது என்பது குறிப்பிடத்தக்கது. படகின் உரிமையை நிறுவ, முதற்பகுதிப் பதிவேடு என்னும் வேறு பதிவு அல்லது விற்பனை ஆவணங்கள் தேவை.

### ஏனைய குறிகள்

வெளிப்பொருத்து இயந்திரத்தின் தொடரெண் அதனைப் பின்பலகையில் தாங்கும் சட்டத்தில் ஒரு தகட்டில் இருக்கும். பல இயந்திரங்களில் உட்பகுதியிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். திருடர் முதலில் அகற்றுவது வெளித்தகட்டையே. எனவே இரண்டையும் குறித்து வைக்க வேண்டும்.

* அஞ்சல் குறியீட்டைப் பொறித்தல் அல்லது சூட்டுக் குறியிடல்.
* புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் மை.
* தனித்தன்மை கொண்ட வேதிப் பூச்சு, நுண்புள்ளிகள், வானலை அடையாளச் சில்லுகள்.
* இயந்திரத்தின் மூடியை வழக்கத்திற்கு மாறான வண்ணத்தில் பூசுதல். தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் இயந்திரத்தை விற்பது கடினம். அழகைப் பொருட்படுத்தாதவர்க்கு இதைவிட மலிவான தடுப்பு இல்லை எனலாம்.

## மின்னணு முறைகள்

### இடங்காட்டும் கருவி

செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அறிந்து, செல்பேசி வலையமைப்பின் மூலம் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பரவலாகியுள்ளன. வரையறுக்கப்பட்ட வட்டத்தை விட்டுப் படகு வெளியேறினால் இவை எச்சரிக்கும். இவ்வட்டம் எல்லைவேலி எனப்படும். எல்லைவேலியின் அளவைத் தவறாக அமைப்பதே இக்கருவிகள் பயனற்றுப் போவதற்கு முதற் காரணம்.

எடுத்துக்காட்டாக, நீரடியிலிருந்து படகு வரை சங்கிலியும் கயிறும் சேர்ந்து 12 மீட்டர் எனக் கொள்வோம். ஏற்றநீரில் ஆழம் 5 மீட்டர் எனில், பைத்தகோரசு தேற்றத்தின்படி அணியம் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 10.9 மீட்டர் வரை விலகலாம். வற்றுநீரில் ஆழம் 2 மீட்டராகும்போது அது 11.8 மீட்டர் ஆகும். அதாவது நீர் குறையும்போது படகு சுழலும் வட்டம் பெரிதாகிறது. கருவி அணியத்திலிருந்து 7 மீட்டர் பின்னால் பொருத்தப்பட்டிருந்தால், அது சுழலும் ஆரை ஏறத்தாழ 19 மீட்டர்.

எல்லைவேலியின் மையமாகக் கட்டுமிதவையின் பாரம் உள்ள இடத்தைக் கொண்டால், அளவீட்டுப் பிழைக்கு 10 மீட்டர் கூட்டி, 30 மீட்டர் ஆரை போதுமானது. ஆனால் பலர் கருவியைப் பொருத்திய நேரத்தில் அது இருந்த இடத்தையே மையமாகப் பதிந்துவிடுகின்றனர். ஆறு மணி நேரத்தில் நீரோட்டம் திரும்பும். அப்போது படகு மறுபுறம் சென்று, பதிந்த இடத்திலிருந்து 38 மீட்டர் தள்ளி நிற்கும். நள்ளிரவில் பொய்யான எச்சரிக்கை வரும். இவ்வாறு சில முறை நிகழ்ந்தால் உரிமையாளர் கருவியை அணைத்துவிடுவார்.

### மின்சாரத் தேவை

ஆளில்லாத படகில் மின்கலத்தின் முதற்கடமை, அடியில் கசிந்து சேரும் நீரைத் தானியங்கிப் பம்பின் மூலம் வெளியேற்றுவது. எச்சரிக்கைக் கருவி இம்மின்சாரத்தைத் தீர்த்துவிடக் கூடாது. கருவி சராசரியாக 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி செலவாகும். 70 ஆம்பியர் மணி மின்கலத்தில் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம் எனக் கொண்டால், கணக்கின்படி 145 நாட்கள் தாங்கும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் கருவியாயின் இரு வாரங்களே தாங்கும். சிறிய சூரிய மின்தகடு இக்குறையை நீக்கும். ஆனால் அதுவும் களவுபோகக் கூடியதே.

### வரம்புகள்

செல்பேசி வலையமைப்பு மாறும்போது பழைய கருவிகள் அறிவிப்பின்றிச் செயலிழக்கலாம். பிரித்தானியாவில் 2024 இல் பல நிறுவனங்கள் தம் 3ஜி சேவையை மூடின. 3ஜி சேவையை மட்டும் நம்பிய கருவிகள் அத்துடன் பயனற்றன. மேலும், உலோகச் சரக்குப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட இயந்திரத்திலிருந்து சைகை வெளிவராது.

### கண்காணிப்புக் கேமரா

நீர்ப்பரப்பை நோக்கிய கேமராவில், இரவில் தொலைவிலுள்ள ஆளை இனங்காணும் அளவிற்குப் படம் கிடைப்பது அரிது. அலைகளின் ஒளித்தெறிப்பு பொய்யான எச்சரிக்கைகளை உண்டாக்கும். ஆனால் திருடிய இயந்திரம் எங்கேனும் கரையேறி, ஒரு வாகனத்தில் ஏற்றப்பட வேண்டும். ஆகவே படகு இறக்கும் சரிவுதளம், வாயில், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் பொருத்தப்படும் கேமராவே மிகுந்த பயன் தரும். வாகன எண் பதிவாவது விசாரணைக்கு உதவும்.

விளக்குகளைப் பொறுத்தும் எச்சரிக்கை தேவை. நீரை நோக்கிய கூசொளி விளக்குகள், இரவில் துறைக்குத் திரும்பும் படகோட்டியின் பார்வையைக் கெடுக்கும். வழிகாட்டி விளக்குகளும் அதனுள் மறைந்துவிடும். எனவே மறைப்பிட்டுக் கீழ்நோக்கி அமைத்த விளக்குகளே ஏற்றவை.

## கழகத்தின் பங்கு

1982 இல் செசயர் மாவட்டத்தின் மொலிங்டன் சிற்றூரில் தொடங்கிய அயலவர் கண்காணிப்பு முறை பிரித்தானியாவில் விரைவாகப் பரவியது. அதனைப் போன்ற படகுக் கண்காணிப்புக் குழுக்கள் பல துறைமுகங்களில் உள்ளன. கழகம் மேற்கொள்ளக்கூடிய ஏற்பாடுகள் வருமாறு.

* ஒவ்வொரு படகின் ஒளிப்படம், அடையாள எண், இயந்திரத் தொடரெண், உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவை கொண்ட பதிவேடு.
* வார நாட்களில் நீரில் செல்லும் உறுப்பினர்கள் முறைவைத்து எல்லாக் கட்டுமிதவைகளையும் சுற்றிப் பார்த்தல். ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் இதற்குப் பெரும் உதவியாக இருக்கின்றனர்.
* வாயிற்பூட்டின் இலக்கக் குறியை ஆண்டுதோறும் மாற்றுதல்.
* அறிமுகமில்லாதவரைக் கண்டால் "உங்களுக்கு உதவி வேண்டுமா?" எனக் கேட்கும் வழக்கம். உண்மையான விருந்தினர் இதனால் மகிழ்வர். வேறு நோக்குடன் வந்தவர் தாம் கவனிக்கப்பட்டதை உணர்வர்.

திருட்டு நடந்துகொண்டிருப்பதைக் கண்டவர் தனியாகப் படகில் சென்று தடுக்க முயலக் கூடாது. இரவில், நீரின் மேல், உதவியற்ற நிலையில் நிகழும் கைகலப்பு உயிரிழப்பில் முடியலாம். காவல்துறையை அழைத்து, ஆள், படகு, வாகனம் ஆகியவற்றின் அடையாளங்களைக் குறிப்பதே முறை.

## சட்டமும் காப்புறுதியும்

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றில் 1968 ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் பொருந்தும். படகைத் திரும்பக் கொடாமல் கவரும் எண்ணமின்றி, ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டும் எடுத்துச் சென்றாலும் அது குற்றமே. அச்சட்டத்தின் 12 ஆம் பிரிவு நிலம், நீர், வான் ஆகிய எதிலும் ஆளை ஏற்றிச் செல்லும் ஊர்திகளை உள்ளடக்குகிறது.

திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை கிடைப்பதில்லை. வெளிப்படையான சந்தையில் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கு உரிமை அளித்த பழைய விதி 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. எனவே பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குவோர், தொடரெண் தகடு அகற்றப்பட்டுள்ளதா, தறையாணிகள் புதியனவா என்பதைப் பார்ப்பதும், முதல் விற்பனைச் சீட்டைக் கேட்பதும் அவசியம். மலிவாகக் கிடைக்கிறதென்று கேள்வி கேளாமல் வாங்குவோர் இருக்கும் வரை இக்களவு தொடரும்.

பிரித்தானியாவில் உல்லாசப் படகுக் காப்புறுதிக்கு அடிப்படையாக அமைந்த 1985 ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி, வெளிப்பொருத்து இயந்திரத்தின் களவுக்கு இழப்பீடு பெற, இயல்பான பிணைப்புக்கு மேலாகத் திருட்டுத் தடுப்புக் கருவி ஒன்றாலும் அது படகுடன் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கருவிகளின் களவுக்குப் படகையோ வைப்பிடத்தையோ வலிந்து உடைத்து நுழைந்திருத்தல் வேண்டும். அதாவது பூட்டாத உள்ளறையிலிருந்து பொருள் களவுபோனால் இழப்பீடு மறுக்கப்படலாம். பூட்டின் தரத்தை மதிப்பிட, 1992 இல் காவல்துறையினரால் உருவாக்கப்பட்ட சோல்டு செக்யூர் என்னும் தரச்சான்று பயன்படுகிறது.

## திருட்டு நிகழ்ந்த பின்

களவைக் கண்டவுடன் காவல்துறை, கழகம், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றிற்கு அறிவிக்க வேண்டும். படகோ துணைப்படகோ காணாமல் போயிருந்தால் கடலோரக் காவலுக்கும் அறிவித்தல் இன்றியமையாதது.

இதற்குத் தனிக் காரணம் உண்டு. திருடர்கள் பயன்படுத்திவிட்டுக் கைவிடும் துணைப்படகு நீரோட்டத்தில் மிதந்து செல்லும். ஆளில்லாத படகைக் காண்பவர், அதிலிருந்தவர் நீரில் விழுந்துவிட்டார் என்றே கருதுவார். உடனே உயிர்காப்புப் படகுகள் தேடுதலில் இறங்கும். 1824 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய அரச உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் படகோட்டிகளுள் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். இல்லாத ஒருவரைத் தேடி அவர்கள் இரவில் கடலில் இருக்கும் நேரத்தில், உண்மையாகவே ஆபத்தில் உள்ள இன்னொருவருக்கு உதவி தாமதமாகலாம். துணைப்படகின் உட்புறத்தில் ஒரு தொலைபேசி எண் எழுதப்பட்டிருந்தால், ஓர் அழைப்பில் இத்தேடுதலை நிறுத்திவிடலாம். ஆகவே அடையாளமிடல் பொருளைக் காப்பதோடு உயிரையும் காக்கிறது.

## இவற்றையும் பார்க்க

* பாய்மரப் படகு
* நங்கூரம்
* மிதவை
* வெளிப்பொருத்து இயந்திரம்
* ஓதம்
* உலக இடஞ்சுட்டல் முறைமை
* தேம்சு ஆறு